தவளைக்கு வேட்டி கட்டிய வருஷம்

தண்ணீரே இல்லாத வருஷத்தில் தவளை வளர்த்தவள் நான். சிரிக்காதீர்கள். எழுபதுகளின் நடுவில் மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள், திட்டுவார்கள். அவர்கள் திட்டுவதற்கு நியாயம் உண்டு. ஒரு குடம் தண்ணீருக்காக அடுத்த வீட்டோடு ஆறு மாதம் பேச்சை முறித்துக்கொண்டவர்கள் நாம். உங்களுக்கும் இப்போது முழங்கால் வலி வந்திருக்கும், எனக்கும் வந்துவிட்டது. இனிமேலும் இதை வெளியே சொல்லாமல் பொத்தி வைத்து என்ன ஆகப்போகிறது?

எங்களுடையது ஸ்டோர் வீடு. நீள நடைக்கு இரண்டு பக்கமும் ஏழு குடித்தனம், பின்கட்டில் ஒரு பொதுக் கிணறு, அதற்குப் பக்கத்தில் துவைக்கிற கல். முன்பகுதியில் வீட்டுக்காரர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர்தான். அப்பா தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியும் அம்மாவின் பேச்சு மட்டும் ரயிலேறி வரவில்லை, அங்கேயே இருந்தது. எனக்குப் பத்து வயது. அண்ணன் காலேஜில் விலங்கியல் முதல் வருஷம்.

அந்தத் தவளைகள் அண்ணனோடு ஒரு ஈரத் துணிப்பையில் வந்தன. வகுப்பில் தவளையை அறுத்துப் பார்க்க வேண்டும் என்றால் அண்ணன் கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவான். பரிதாபப்பட்ட லேப் அட்டெண்டர், மிச்சமான இரண்டைக் கொடுத்து, வீட்டில் வைத்துப் பழகிக்கொள் என்று அனுப்பியிருக்கிறார். அண்ணன் பையை வாளியில் கவிழ்த்தான். பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை, புது வாழையிலை நிறம். கண்ணைச் சுற்றி மெல்லிய பொன் வளையம். ஒன்று அப்பாவின் கைமுட்டி அளவு இருந்தது, மற்றது அதில் பாதி.

"ஏலே, சவத்தத் தூக்கி வெளிய போடு. குடிக்கத் தண்ணியக் காணும், இதுக்கு ஒரு வாளி தண்ணியா?" என்று அம்மா கத்தினாள்.

நான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அறுக்க மாட்டேன் என்று அண்ணன் என் தலையில் அடித்துச் சத்தியம் செய்த பிறகுதான் எழுந்தேன். உண்மையைச் சொன்னால், என்னைவிட அவனுக்குத்தான் அந்தச் சத்தியம் நிம்மதியாக இருந்தது.

அவன் அறுக்கவில்லையே தவிர, தவளையைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருந்தான். வாளிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தான். "இது குளத்துத் தவளை, தண்ணிக்குள்ளதான் இருக்கும். வாயால தண்ணி குடிக்காது, தோலாலதான் குடிக்கும். பாதி மூச்சும் தோலாலதான். அதனால சோப்புக் கையோட தொடாத. பெருசு இருக்கு பாரு, அதுதான் பொண்ணு. சின்னதுக்குத் தொண்டையில ரெண்டு பக்கமும் பை இருக்கு, தெரியுதா? அது ஆண். ஆண்தான் கத்தும். பொண்ணு கத்தவே கத்தாது."

"நம்ம வீட்ல தலைகீழா இருக்கே," என்றார் அப்பா. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் எதிர்பார்க்காதது அப்பாவைத்தான். கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் காலை நீட்டிப் படுத்துவிடுவார், ஒரு ஆணி அடிக்கச் சொன்னாலும் நாளைக்கு என்பார். அவர் மறுநாள் கடையிலிருந்து நான்கு கண்ணாடித் துண்டுகளைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். கடையில் ஷோகேஸை மாற்றியிருந்தார்கள். முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். ஒரு துண்டின் மூலையில் ஏதோ சேலை விளம்பரத்தின் பாதி எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தோம், கடைசிவரை போகவே இல்லை.

வெல்டிங் கடையில் இரும்புச் சட்டமும் தகரத்தில் அடிப்பக்கமும் செய்து வாங்கினார். கண்ணாடியைச் சட்டத்தில் பொருத்தி, இடுக்கைப் பட்டி என்கிற சாந்தால் அடைத்தார். துணி கிழித்துப் பழகிய கை, அளவு எல்லாம் கச்சிதம். ஆனால் பொறுமை இல்லை. பத்து நாள் காய வேண்டும் என்று அண்ணன் சொல்லியும் கேட்காமல் மூன்றாம் நாளே ஒரு குடத்தை ஊற்றினார். கீழ்மூலையிலிருந்து தண்ணீர் சர்ரென்று பீறிட்டது. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்பா ஓடிப்போய்க் கடையில் போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசையைக் கொண்டு வந்து அப்பினார். அது கரைந்து தொட்டி முழுவதும் கஞ்சியானது. பிறகு மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார். ஒழுக்கு நின்றது, ஆனால் முழுதாக நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாக ஒரு மூலை கசிந்துகொண்டே இருந்தது. அதற்கடியில் ஒரு சட்டியை வைத்துவிட்டு, காலையிலும் மாலையிலும் சட்டித் தண்ணீரைத் திரும்பத் தொட்டியில் ஊற்றுவது என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா மெரினாவிலிருந்து ஒரு பை மணலும் சிப்பியும் அள்ளிக்கொண்டு வந்தார். உப்பு மணல், தவளை செத்துவிடும் என்றான் அண்ணன். அலசிப் போடலாமே என்றார் அப்பா. "எதுல அலச? என் கண்ணீர்லயா?" என்றாள் அம்மா. மணல் வாசலோரம் போயிற்று. தொட்டிக்குள் இரண்டு அரைச் செங்கல்லை வைத்தோம். அதன் மேல் அவை இரண்டும் ஏறி உட்கார்ந்து, சேலை விளம்பரத்து எழுத்துக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்தன.

இவ்வளவுக்கும் கிணறு நாளுக்கு நாள் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கயிற்றில் முடிச்சுப் போட்டு நீட்டினோம், இன்னொரு முடிச்சுப் போட்டு நீட்டினோம், கடைசியில் வாளி சேற்றில் மோதுகிற சத்தம்தான் கேட்டது. வீட்டுக்கு நாலு குடம் என்று வீட்டுக்காரர் கணக்கு வைத்தார். குடிக்க லாரித் தண்ணீர். அதில் பிளீச்சிங் பவுடர் நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்தத் தண்ணீரைத் தவளைக்கு ஊற்றுவதானால் அகலப் பாத்திரத்தில் இரண்டு நாள் வெயிலில் வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும் என்பது அண்ணனின் கட்டளை. வைத்தேன். நடையில் போகிற வருகிற ஏழு குடித்தனமும் அதைப் பார்த்தது. "நாங்க நாக்கு வறண்டு கிடக்கோம், இங்க தண்ணி வெயில் காயுது" என்று காதுபடப் பேசினார்கள். நான் என் குளியலை ஒரு சொம்பாகக் குறைத்துக்கொண்டேன். என் பங்கிலிருந்துதான் எடுக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்ல ஆசை. பத்து வயதுப் பெண் சொல்வதை யார் காதில் வாங்கிக்கொள்வார்கள்?

ஒருத்தி வாங்கிக்கொண்டாள். எங்கள் ஸ்டோருக்குத் தண்ணீர் சுமக்கிற அம்மா. நாலு தெரு தள்ளி ஒரு அடிபம்பில் விடிவதற்கு முன்பே வரிசை போட்டு, தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகக் கொண்டுவந்து ஊற்றுவாள். தொட்டியின் முன்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, தவக்கள ரெண்டும் மகராசா மாரி குந்திக்கினு கீது?" என்பாள். போகும்போது குடத்தின் அடியில் இருக்கிற கொஞ்சத்தைத் தொட்டியில் சாய்த்துவிட்டுப் போவாள்.

என் அம்மாவைக்கூடத் தவளைகள் மாற்றிவிட்டன. பூச்சியைவிட அவற்றுக்குக் கீரைதான் பிடித்தது. முளைக்கீரைத் தழையை மிதக்கவிட்டால் பெரியது லபக்கென்று இழுக்கும். "ஏட்டி, சைவத் தவளை போலுக்கே" என்று அம்மா வாயில் கை வைத்தாள். அன்றிலிருந்து கீரை ஆய்ந்தால் ஒரு பிடி தனியாக ஒதுக்கி வைப்பாள், யாருக்கு என்று மட்டும் சொல்ல மாட்டாள்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் சின்னது கத்தியது. அதுவரை ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று தொண்டையின் இரண்டு பக்கமும் பை உப்பி, நடை முழுவதும் எதிரொலிக்கக் கத்தியது. ஏழு குடித்தனமும் வெளியே வந்து வானத்தைப் பார்த்தது. நான் கைதட்டினேன். பைத்தியம் நான். அன்றைக்கே அதன் வாயைக் கட்டியிருக்க வேண்டும்.

மறுநாள் வீட்டுக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். அவர் ஒருபோதும் குடித்தனக்காரர் வாசலுக்கு வர மாட்டார், ஆளனுப்புவார். அப்பா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"நேத்து உங்க வீட்டுத் தவளை கத்துச்சே, கேட்டேன்," என்றார். "எல்லாருமாப் பேசினோம். மழைக்காகத் தவளைக் கல்யாணம் பண்ணலாம்னு இருக்கோம். தேடிப் பாத்தாச்சு சார், குளம் குட்டை எங்கயும் ஒரு தவளை கிடையாது. உங்க பொண்ணுகிட்ட ஜோடியா இருக்கு. நீங்க மனசு வைக்கணும்."

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். இத்தனை நாள் தண்ணீரை வீணாக்குகிற வீடு என்று பேர் வாங்கியிருந்தோம். இப்போது தெருவுக்கே எங்கள் வீடுதான் வேண்டியிருக்கிறது. அவர் சந்தோஷத்தில் குற்றம் சொல்ல இன்று எனக்கு மனம் வரவில்லை. அன்று வந்தது.

"திருப்பித் தந்துருவாங்களாப்பா?" என்று கேட்டேன்.

"தராம? கல்யாணம் முடிஞ்சதும் நானே கொண்டாந்து தொட்டியில விடுதேன். போதுமா?"

அண்ணனிடம் ஓடினேன். அவனுக்கு அந்த வாரம் தேர்வு. புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல், "நான் சொன்னா யாரு கேக்கப்போறா? விடு" என்றான்.

ஆடி பிறந்துவிட்டால் கல்யாணம் செய்யக் கூடாதே! தவளைக்கும் அதே சட்டம்தான். அதனால் ஆனி கடைசி வெள்ளிக்கிழமை காலையில் முகூர்த்தம் குறித்தார்கள். நடையில் மாக்கோலம், வாசலில் மாவிலை. ஒற்றை மேளக்காரர் ஒருவரை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்பா கடையிலிருந்து வெட்டுத் துணி கொண்டுவந்தார், பெண்ணுக்குச் சிவப்புப் பட்டில் ஒரு சாண், மாப்பிள்ளைக்குக் கரை வைத்த வெள்ளையில் ஒரு சாண். எல்லோரும் பெரியதை மாப்பிள்ளையாக்கி அதற்கு வேட்டியைச் சுற்றினார்கள்.

"ஐயோ, பெருசுதான் பொண்ணு!" என்று கத்தினேன்.

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பெண்டாட்டி புருஷனைவிடப் பெரிதாக இருப்பாளா என்று கேட்டார்கள். பெண்ணுக்கு வேட்டி கட்டி, மாப்பிள்ளைக்கு மஞ்சள் கயிறு கட்டினார்கள். அதுவரை எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு மஞ்சள் அரைத்த கிண்ணத்தை எடுத்தார்கள்.

இரண்டுக்கும் தலையிலிருந்து கால் வரை கெட்டி மஞ்சள். அதன் மேல் சந்தனம். அதன் மேல் நெற்றி என்று அவர்கள் நினைத்த இடத்தில் குங்குமம். வாழையிலைப் பச்சை போய்விட்டது. சின்னது கண்களை உள்ளே இழுத்துக்கொண்டது. அதன் பக்கங்கள் படபடவென்று அடித்தன.

"அப்பா, அதுக்குத் தோல்தான் மூக்கு! மூச்சு முட்டும்ப்பா!"

"இன்னும் அஞ்சே நிமிஷம்மா," என்றார் அப்பா. அவர் கையில் தாம்பாளம் இருந்தது.

அம்மா மட்டும் உள்ளே போய், குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு வந்தாள். தவளைகள் மேல் ஊற்றக் குனிந்தாள். "மஞ்சளக் கழுவாதீங்க, மங்களம் போயிடும்" என்று நாலு கைகள் தடுத்தன. அம்மா சொம்போடு நின்றாள். கூட்டம் நகர்ந்து போனபிறகும் அப்படியே நின்றாள்.

மேளம் கொட்டிக்கொண்டு தெருவழியாகக் கோயில் குளத்துக்குப் போனோம். குளமா அது? பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு பள்ளத்தில் கொஞ்சம் சேறு. அங்கே ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, தவளைகளை இறக்கிவிட்டு, தேங்காய் உடைத்தார்கள். ஊற்றிய தண்ணீரை மண் எங்கள் கண் முன்னாலேயே குடித்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"அப்பா, எடுத்துக்கோப்பா. போலாம்."

அப்பா குனிந்தார். வீட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்தார். அதட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். "விட்டதைத் திரும்ப எடுக்கக் கூடாது சார். பண்ணின பலன் போயிடும். ஊர் மழைக்கு நீங்க குறுக்க நிக்கலாமா?"

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நான் இழுத்தேன், உதைத்தேன், அவர் கையைக் கடித்தேன். அவர் கையை விடவில்லை. சொந்த வீடு இல்லாத மனிதர், நாளைக்குக் காலி செய் என்றால் எங்களை எங்கே கூட்டிக்கொண்டு போவார் என்பதெல்லாம் எனக்குப் புரிய இருபது வருஷம் ஆயிற்று.

அன்று சாயங்காலம் வேடிக்கையைக் கேளுங்கள், நாலு துளி விழுந்தது. எண்ணி நாலு துளி. புழுதி வாசனை கிளம்பியதோடு சரி. ஸ்டோரே கூத்தாடியது. வீட்டுக்காரர் என் வாயில் சர்க்கரையைப் போட்டு, "உன்னாலதான் கண்ணு" என்றார். கொல்லைக்கு ஓடித் துப்பினேன்.

மறுநாள் காலையில் தண்ணீர்க்கார அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன். நான் கேட்பதற்கு முன்பே அவளுக்குப் புரிந்தது. தலையில் ஒரு குடத்தோடு என்னைக் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பள்ளம் காய்ந்திருந்தது. சின்னது அங்கேயேதான் இருந்தது, கழுத்தில் கயிறோடு. மஞ்சள் காய்ந்து பொருக்காகியிருந்தது. எறும்பு வந்திருந்தது. பெரியதைக் காணவில்லை. வேட்டி மட்டும் கொஞ்ச தூரத்தில் கிடந்தது.

அவள் குடத்தை இறக்கினாள். "ஊத்திப் பாப்பம், இரு," என்று அதன் மேல் மெல்லச் சாய்த்தாள். மஞ்சள் கரைந்து பச்சை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அரைக்குடம் போய்விட்டது. அந்த அரைக்குடத்துக்கு அவள் எத்தனை நேரம் வரிசையில் நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானே அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

ஈரமான அந்த இடத்திலேயே விரலால் தோண்டினேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு என் கையாலேயே உள்ளே வைத்து மூடினேன். எனக்கு அழுகை வரவில்லை. அவள்தான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பெர்சு எங்கனா பொந்துல பூந்துக்கினு இருக்கும். சின்னது செத்த சேதிய ஊட்ல சொல்லாத பாப்பா. உங்க நைனா நேத்து என்னாண்ட வந்து, குளத்தாண்ட போனா தவக்களைங்களுக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்துன்னு சொல்லிக்கினு நின்னாரு. அவருக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சி பூடும்."

நான் சொல்லவில்லை. அப்பாவோடு ஒரு மாதம் பேசவும் இல்லை. அவர் தினமும் கடையிலிருந்து வந்து தொட்டியின் முன்னால் நிற்பார். சட்டியில் சொட்டியிருந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுகிற என் வேலையை அவர் செய்வார். ஒரு நாள் அம்மா தொட்டியைக் காலி செய்து பாத்திரம் தேய்க்கிற தண்ணீரைப் பிடித்து வைத்தாள். அடுத்த வருஷம் பழைய இரும்புக்காரர் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார், கண்ணாடி வேண்டாம் என்றுவிட்டார். சேலை எழுத்து ஒட்டிய அந்தத் துண்டு வீடு மாறுகிறபோது உடைந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது ஐப்பசி மழையை. அந்த வருஷம் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்துவிட்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. கிணற்றில் கையால் மொள்ளலாம் போல ஏறிவிட்டது. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தூறல் விடவில்லை. அப்பா குடையை எடுத்துக்கொண்டு, "வாட்டி, ஒரு இடம் போயிட்டு வருவோம்" என்றார்.

கோயில் குளம் எட்டுப் படி நிறைந்திருந்தது. எங்கிருந்து வந்தனவோ, எந்தச் சேற்றுக்குள் இத்தனை நாள் கிடந்தனவோ, குளம் முழுக்கத் தவளைச் சத்தம். பேச்சுக் கேட்கவில்லை. அப்பா ஒரு படியில் என்னை நிறுத்தி, காதில் கையைக் குவித்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு பக்கமாகத் திரும்பித் திரும்பிக் கேட்டார். ஏதோ ஒன்று மற்றவற்றைவிடக் கனமாகக் கத்தியது.

"கேட்டியா?" என்றார். அவர் முகம் நனைந்திருந்தது. "அதான். நம்ம பெருசு. குரலப் பாத்தியா, அதேதான். நல்லாத்தான் இருக்கு, நான் சொல்லல?"

பெரியது பெண். அது கத்தவே கத்தாது. எங்கள் வீட்டில் கத்தியது சின்னதுதான், அதை நான் அந்தத் தண்ணீருக்கு அடியில் என் கையால் புதைத்திருந்தேன். பெண் தவளை கத்தாது என்பது அப்பாவுக்கும் தெரியும், வாளிக்குப் பக்கத்தில் நின்று அண்ணனின் பாடத்தை அவரும் கேட்டவர்தான். மறந்துவிட்டாரா, மறந்தது போல் இருந்தாரா என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவர் என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"ஆமாப்பா," என்றேன். "பெருசேதான்."

அப்பா குடையை முழுவதும் என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். நனைந்துகொண்டே வீடு வரை வந்தார்.